இணையத்துக்கு வரி: சங்கத்து மனுவில் எதைக் கேட்பது, எதை எதிர்ப்பது?

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்துத் தொழில் சங்கங்கள் பட்ஜெட்டுக்கு முன் மனு எழுத உட்கார்ந்தால் பேச்சு ஒரு இடத்தில் சிக்கிக்கொள்ளும். "இன்டர்நெட் பில்லுக்கு எதுக்குங்க 18 சதவீதம்? எடுக்கச் சொல்லி எழுதுங்க" என்பார் ஒருவர். "எடுத்தா நமக்கென்னங்க மிச்சம்? அதைத்தான் கிரெடிட் எடுத்துக்கறோமே" என்பார் அடுத்தவர்.

இருவர் சொல்வதும் சரி. முதலாமவர் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர். இரண்டாமவர் ஏற்றுமதி செய்கிறவர்; கொள்முதலில் கட்டிய வரியைக் கிரெடிட்டாக, அதாவது தன் வரியில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடிய தொகையாக, எடுக்கிறவர். ஒரே பில், ஒரே வரி, ஆனால் வலி ஒருவருக்கு மட்டும். இணையத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அரசு வரி போடலாமா என்ற பெரிய கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். போடலாமா வேண்டாமா என்பதைவிட, எந்த இடத்தில், எதை எண்ணி, எப்படிப் போடுவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. வரி கடைசியில் யார் தலையில் விழுகிறது? செலுத்துகிறவரும் சுமக்கிறவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.
2. எதை எண்ணுகிறார்கள்? ரூபாயையா, ஜிபியையா, கடிதத்தையா?
3. எண்ணுவதற்காக நம் போக்குவரத்தை யாராவது பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறதா?
4. உள்ளீட்டு வரிக் கிரெடிட் சங்கிலி எங்காவது அறுகிறதா?
5. வசூல் செலவும் ஏய்ப்பும் போக அரசுக்கு மிஞ்சுவது என்ன?

மனு எழுதுகிறவர்கள் மறந்துவிடுவது நான்காவதை. நம் பக்கத்துக்கு அதிகம் பொருந்துவதும் அதுதான்.

## பில் தொகையில் சதவீதம்: இப்போது உள்ளது

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இணைய இணைப்புக்கு 18%. அதற்கு முந்தைய நாள் வரை சேவை வரியும் இரண்டு செஸ்களும் சேர்த்து 15%. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன. இணைப்பு 18-லேயே நிற்கிறது.

499 ரூபாய்த் திட்டம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பில்லில் 89.82 சேர்ந்து 588.82 வரும். மொபைல் ரீசார்ஜில் வரி உள்ளேயே ஒளிந்திருக்கும்: 299 ரூபாய்க்குப் போட்டால் அதில் 45.61 வரி.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எண்ணப்படுவது ரூபாய் மட்டுமே. நீங்கள் படம் பார்த்தீர்களா, பையருக்கு (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு) மெயில் போட்டீர்களா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான வீடுகளிடம் வசூலிக்காமல் சேவைக் கம்பெனிகளிடமே வரி வந்து சேர்ந்துவிடுகிறது.

சுமை விழும் இடத்தைப் பார்த்தால் நாலு விதம்.

ஏற்றுமதியாளர். எல்யூடி என்ற உறுதிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புகிறவருக்கு, ஜிஎஸ்டி விதி 89(4)-இன் கணக்கில் சேவைகளின் கிரெடிட்டும் ரீஃபண்டில் சேரும். இன்டர்நெட் பில்லின் 18% திரும்பி வந்துவிடும். காத்திருக்கும் நாளுக்கு வட்டிதான் செலவு.

உள்ளூரில் விற்கும் பதிவுபெற்ற யூனிட். தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

உள்ளே வரும் வரி அதிகம், வெளியே போகும் வரி குறைவு என்று இருக்கிறவர். துணிக்கு 5%, ஆனால் வாங்கும் சாயம், கெமிக்கலில் இருந்து உதிரிபாகம் வரை பலதுக்கு 18%. இவருக்குத் தேங்கிய கிரெடிட்டை ரீஃபண்டாகக் கேட்கும் வழி உண்டு. ஆனால் விதி 89(5)-இன் கணக்கில் பொருட்களின் கிரெடிட் மட்டுமே சேரும், சேவைகளுடையது சேராது. உச்ச நீதிமன்றமும் 2021 செப்டம்பர் 13-இல் விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் இதை உறுதி செய்துவிட்டது. இன்டர்நெட் பில் சேவை. அதன் வரி லெட்ஜரில் கிரெடிட்டாக நிற்கும், கைக்கு வராது.

பதிவில்லாதவர், காம்போசிஷன்காரர் (விற்றுமுதலில் சிறு சதவீதம் கட்டிவிட்டு, கிரெடிட் எடுக்காத சிறு வியாபாரி). தமிழ்நாட்டில் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் வரை பதிவு வேண்டியதில்லை. கூலிக்குத் தைப்பதும் கூலிக்கு நெய்வதும் சட்டத்தின் கண்ணில் சேவை, எனவே 20 லட்சம்தான் வரம்பு. செக்கிங், காஜா பட்டன், அயர்னிங் யூனிட்டுகளில் பல இதற்குள் வரும். இவர்களுக்கும் வீடுகளுக்கும் 18 சதவீதம் முழுச் செலவு.

கிரெடிட் எடுக்கத் தகுதி இருந்தும் அதை விட்டுவிடும் இடங்களும் உண்டு. இணைப்பு முதலாளியின் சொந்தப் பெயரில் இருக்கும், ஜிஎஸ்டி எண் பதிந்திருக்காது. பிறகு மாதாமாதம் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (உங்களுக்குரிய கிரெடிட்டைக் காட்டும் அறிக்கை) அந்தப் பில் தென்படவே தென்படாது. கிராமப்புறத்தில் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்து "எல்லாம் சேர்த்து ஐநூறு" என்று துண்டுச்சீட்டு எழுதுவார். அது வரிப் பில் ஆகாது. வீடும் யூனிட்டும் ஒரே லைனில் ஓடினால் வீட்டுப் பங்குக்குக் கிரெடிட் கிடையாது. ஒரு நிதியாண்டின் பில்லை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதிக்குள், எடுக்காவிட்டால் போனது போனதுதான். சேவைக் கம்பெனிக்கு ஜிஎஸ்டி சான்றிதழ் நகலை அனுப்பி, பில்லை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிட்டால் முதல் சிக்கல் அன்றே தீரும்.

## வரியே வேண்டாம்: காதுக்கு இனிமை, கணக்கில் கசப்பு

இதை ஆதரிப்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். இணைய இணைப்புக்கு வரி போடக் கூடாது என்று அங்கே 1998-இல் தற்காலிகச் சட்டம் வந்தது. நீட்டி நீட்டி 2016-இல் நிரந்தரம் ஆக்கினார்கள். முன்பே வரி போட்டிருந்த சில மாநிலங்களுக்குக் கொடுத்த விலக்கும் 2020 ஜூன் 30-உடன் முடிந்தது.

ஆனால் அமெரிக்க மாநிலங்களில் இருப்பது சில்லறை விற்பனை வரி. அங்கே நம்மைப் போலக் கிரெடிட் சங்கிலி கிடையாது. கடைசிக் கண்ணியில் வரியை எடுத்தால் எடுத்ததுதான். ஜிஎஸ்டியில் "விலக்கு" என்றால் விற்கிறவருக்குத் தன் கொள்முதலில் கட்டிய வரியின் கிரெடிட் போய்விடும். அது விலைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்றுமதிக்குக் கிடைக்கும் "சுழிய வரி" (வரி சைபர், கிரெடிட் மட்டும் போகாது) வேறு, விலக்கு வேறு; மனுவில் இரண்டையும் ஒன்றாக எழுதினால் கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்றாக ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இணைப்பின் அடிப்படை விலை 500 ரூபாய். அதைத் தர, சேவைக் கம்பெனி அலைவரிசைக்கும் பராமரிப்புக்கும் வெளியே 200 ரூபாய் கொடுக்கிறது. அதற்கு 18% வரி 36 ரூபாய். (புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போக்கு மாறாது.) விட்டுப்போகும் கிரெடிட்டைக் கம்பெனி விலையில் ஏற்றிவிடும் என்று வைத்துக்கொள்வோம்.

| | இப்போது: 18% | 5%, கிரெடிட் தேங்கினால் | 5%, ரீஃபண்ட் கிடைத்தால் | முழு விலக்கு |
|---|---|---|---|---|
| வீடு கொடுப்பது | 590 | 536 | 525 | 536 |
| கிரெடிட் எடுக்கும் யூனிட்டின் நிகரச் செலவு | 500 | 510.48 | 500 | 536 |
| வீட்டு இணைப்பில் அரசுக்கு மொத்தம் | 90 | 36 | 25 | 36 |

முழு விலக்கு வந்தால் வீட்டுக்குப் பலன் 90 ரூபாய் இல்லை, 54 ரூபாய். கிரெடிட் எடுத்துக்கொண்டிருந்த யூனிட்டுக்கோ 36 ரூபாய் கூடுதல் செலவு. பில்லில் வரி என்று ஒரு வரிகூட இருக்காது, ஆனால் 36 ரூபாய் உள்ளே இருக்கும். திரும்பக் கேட்க வழி இருக்காது. ஏற்றுமதிச் சங்கம் "விலக்கு கொடுங்கள்" என்று கேட்பது தன் கையால் தன் கிரெடிட்டை வெட்டிக்கொள்வது.

அப்படியானால் 5% எப்படி? இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். சேவைக் கம்பெனி 18% கொடுத்து வாங்கி 5% வசூலித்தால், நம் துணிக்காரருக்கு வந்த அதே வியாதி அதற்கும் வரும்: தேங்கும் கிரெடிட், அதுவும் சேவைகளுடையது, ரீஃபண்ட் கிடையாது. எனவே வீட்டுக்கு விலை இறங்குவது விலக்கில் இறங்கும் அளவுக்குத்தான், 536. நடுவில் 12% அடுக்கு இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இவ்வளவு இறுகியிருக்காது. இப்போது 5-க்கும் 18-க்கும் நடுவில் நிற்க இடமில்லை.

மூன்றாம் கட்டம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி. சேவைகளின் கிரெடிட்டுக்கும் ரீஃபண்ட் உண்டு என்று சட்டம் மாறினால் வீட்டுக்கு 525, யூனிட்டுக்குப் பழைய 500.

## ஜிபியை எண்ணி, கடிதத்தை எண்ணி வரி

மின்னஞ்சலுக்கு வரி என்றால் வாட்ஸ்அப் புரளி என்றுதான் பலருக்குத் தோன்றும். பாதி உண்மை. 1999-இல் அமெரிக்காவில் "602பி மசோதா" வருகிறது, மெயிலுக்கு 5 சென்ட் வசூல் என்று ஒரு செய்தி சுற்றியது. அப்படி ஒரு மசோதா இருந்ததே இல்லை. ஆனால் அதே 1999-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை நிஜமாகவே ஒரு "பிட் வரி"யைப் பேசியது. ஒவ்வொன்றும் 10 கேபி உள்ள 100 மெயிலுக்கு 1 அமெரிக்க சென்ட். ஏழை நாடுகளுக்கு இணையம் கொண்டுபோக அந்தப் பணம் என்பது யோசனை.

எண்ணம் நல்லது, அளவுகோல் தவறு. 100 மெயில், தலா 10 கேபி என்றால் 1 எம்பி. 1 எம்பிக்கு 1 சென்ட் என்றால் 1 ஜிபிக்கு 10 டாலர். இப்போது ஒரு நிட்டிங் யூனிட்டின் வாசலில் மாட்டிய கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் கிளவுடுக்கு ஓயாமல் ஏற்றுகிறது. அது நொடிக்கு கால் எம்பி, நாளைக்கு 21.6 ஜிபி, 30 நாளைக்கு 648 ஜிபி. அந்த விகிதத்தில் ஒரு கேமராவுக்கு மாத வரி 6,480 டாலர். ராத்திரி முழுக்க அது படம் பிடிப்பது பூட்டிய ஷட்டரையும் படுத்திருக்கும் நாயையும்.

அதே யூனிட்டுக்கு வரும் பர்ச்சேஸ் ஆர்டர் ஒரு பிடிஎஃப், 200 கேபி இருக்கும். ஒரு சீசனின் வேலை அதில் இருக்கும். வரியோ கால் சென்ட்கூட வராது. எம்பிராய்டரி டிசைன் ஃபைல் சில பத்து கேபிதான். பிரின்டிங்காரர் வாங்கும் ஆல்-ஓவர் பிரின்ட் ஆர்ட்ஒர்க்கோ அரை ஜிபி வரை போகும், அதற்கு மட்டும் 5 டாலர். நாமக்கல் முட்டை விலையும் ஈரோட்டு மஞ்சள் ஏல விலையும் ஒரு வரிச் செய்தியில் வந்துவிடும். பிட்டின் கனத்துக்கும் சரக்கின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வரி பிரின்டிங்காரரையும் கேமரா வைத்தவரையும் பிடிக்கும், தரகரை விட்டுவிடும்.

கடிதத்தை எண்ணலாம் என்றால் இன்னும் மோசம். தபால் கார்டுக்கு 50 பைசா வாங்க முடிவது, அது தபால் நிலையத்தின் கை வழியாகப் போவதால். மெயிலுக்கு அப்படி ஒரு நடுக்கை இல்லை. யார் வேண்டுமானாலும் மெயில் சர்வர் வைத்துக்கொள்ளலாம். வழியில் போவதோ பெரும்பாலும் மறையாக்கம் ஆகிப் போகிறது. ஒரு மெயிலில் பன்னிரண்டு பேரை சிசி போட்டால் அது ஒன்றா, பதின்மூன்றா? ஷிப்பிங் கம்பெனியின் தானியங்கி அறிவிப்பு, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் யார் கணக்கு? அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவதும் எளிது. "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இங்கே பணம் அனுப்புங்கள்" என்று பையருக்கு ஏற்றுமதியாளர் பெயரில் போகும் மோசடி மெயில் இங்கே யாருக்கும் புதிதல்ல. அதற்கு உங்கள் பெயரில் வரி ரசீதும் வந்தால்?

ஸ்பாம் குறையும் என்பது இதற்குச் சொல்லும் ஒரே உருப்படியான வாதம். ஸ்பாம் அனுப்புகிறவர் பெரும்பாலும் தன் கணினியில் இருந்து அனுப்புவதில்லை. வைரஸ் பிடித்த அடுத்தவர் கணினியில் இருந்து அனுப்புகிறார். அக்கவுண்ட்ஸ் ரூம் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்குத்தான் பில் வரும்.

நம் நாட்டிலேயே கிட்டத்தட்ட இப்படி ஒன்றைச் செய்து பார்த்தாயிற்று. எஸ்எம்எஸ் தொல்லையை ஒழிக்க, ஒரு சிம்மில் இருந்து நாளைக்கு 100-க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வைத்தது; 2020-இல் எடுத்துவிட்டது. அதற்குள் ஊர் முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. மொத்த வணிக எஸ்எம்எஸ்ஸில் மட்டும் எண்ணி வசூலிப்பது நடக்கிறது. காரணம், அனுப்புகிறவர் பதிவு செய்திருக்கிறார், நடுவில் ஆபரேட்டர் இருக்கிறார். எண்ணும் முறைக்குப் பொருத்தமான இடம் அந்த அளவுதான்.

வெளிநாட்டு அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது.

ஹங்கேரி 2014-இல் 1 ஜிபிக்கு 150 ஃபோரின்ட் என்றது. தெருவில் கூட்டம் திரண்டதும் தனிநபருக்கு மாதம் 700, நிறுவனத்துக்கு 5,000 என்று உச்சவரம்பு வைத்துப் பார்த்தது. அக்டோபர் முடிவதற்குள் திட்டத்தையே கைவிட்டது.

உகாண்டா 2018 ஜூலையில் சமூக ஊடகத்துக்கு நாளைக்கு 200 ஷில்லிங் போட்டது. முதல் நிதியாண்டில் எதிர்பார்த்தது 284 பில்லியன் ஷில்லிங், வந்தது 49.5 பில்லியன். ஜனங்கள் போக்குவரத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டார்கள், பலர் இணையத்தையே விட்டார்கள். 2021-இல் அதை எடுத்துவிட்டு டேட்டா விலையில் 12% என்று சதவீதத்துக்கே திரும்பினார்கள். உகாண்டா அரசு மூன்று வருஷம் செலவழித்துக் கற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

லெபனானில் 2019 அக்டோபர் 17-இல் வாட்ஸ்அப் அழைப்புக்கு நாளைக்கு 20 சென்ட் என்று அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றும் போராட்டம் நிற்கவில்லை. அந்த மாதம் 29-ஆம் தேதி பிரதமர் ஹரீரி ராஜினாமாவை அறிவித்தார். அங்கே கோபத்துக்கு வேறு காரணங்கள் ஏற்கெனவே குவிந்திருந்தன, வரி தீக்குச்சி மட்டுமே.

## பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் மீது வரி

"நம்ம கிட்ட வாங்கறதுக்குப் பதிலா அவங்க கிட்ட வாங்குங்க" என்பது நியாயமாகத்தான் படும். இந்தியா இதையும் செய்தது: வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கும் இணைய விளம்பரப் பணத்தில் 6% சமன்படுத்தும் வரி, 2016 ஜூன் 1 முதல்; மின்வணிகத்துக்கு 2%, 2020 ஏப்ரல் முதல். 2% வரி 2024 ஆகஸ்ட் 1-இல் போனது, 6% வரி 2025 ஏப்ரல் 1-இல் போனது.

மறைமுகச் செலவு எங்கே என்றால், 6 சதவீதத்தைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு கூகுளுக்கு இருக்கவில்லை, விளம்பரம் கொடுத்த பம்ப்செட்காரருக்கும் கிரைண்டர்காரருக்கும்தான் இருந்தது. ஒரு கம்பெனிக்கு வருஷத்தில் 1 லட்சத்துக்கு மேல் போனால் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்க மறந்தால் அந்த விளம்பரச் செலவையே வருமான வரியில் செலவாக ஏற்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியோ தன் விலையில் சல்லிக்காசு குறைக்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டன் 2020-இல் இதே மாதிரி 2% போட்டபோது, கூகுள் அந்த ஆண்டு நவம்பர் முதல் விளம்பரதாரர் பில்லில் 2% சேர்த்தது.

இன்னொரு செலவு நம் ஊருக்கே உரியது. அந்த 2% வரிக்குப் பதிலடியாக, இந்தியப் பொருட்கள் சிலவற்றின் மீது 25% கூடுதல் சுங்கம் என்று அமெரிக்கா 2021 ஜூனில் அறிவித்து உடனே நிறுத்தி வைத்தது. பனியனும் டி-ஷர்ட்டும் கப்பலேறும் ஊர், இந்த வரியை மீண்டும் கேட்பதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். உள்ளூர் விளம்பர நிறுவனங்களுக்கும், ஏற்றுமதியே இல்லாதவர்களுக்கும் இது நல்ல தேர்வாக இருக்கலாம்.

கட்டண மெயில் பெட்டி வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பில் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி இல்லாமல் வருகிறதா? பதிவுபெற்றவர் என்றால் 18 சதவீதத்தை எதிர்முறையில் நீங்களே கட்டி, நீங்களே கிரெடிட் எடுக்க வேண்டும். ஆக மின்னஞ்சலுக்கு வரி இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது, கடிதத்துக்கு அல்ல, சந்தாவுக்கு.

## பில்லில் தெரியாத வரி

உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 8% உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. அந்த எட்டில் ஐந்து கிராமப்புற இணைப்புக்கான நிதிக்குப் போகிறது; 2002-இல் தொடங்கிய அந்த நிதிக்கு, 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் வைத்தது.

இது பில்லில் தனியாக வராது. கிரெடிட் கிடையாது. போதாக்குறைக்கு, இது உள்ளடங்கிய விலைமேல்தான் 18% ஏறுகிறது. 100 ரூபாய் விலைக்குள் 8 ரூபாய் இருந்தால் அந்த 8 ரூபாய்க்கும் 1.44 ஜிஎஸ்டி. வீட்டுக்காரருக்கு இது வரிமேல் வரி.

ஆனாலும் இந்த முறைகளில் இது ஒன்றுக்குத்தான் செலவழிக்கும் இடம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் வால்பாறை எஸ்டேட் லைனிலும் லாபத்துக்காக யாரும் ஃபைபர் இழுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலைக்கு இந்த நிதிதான் ஆதாரம். எனவே இதை எடு என்று கேட்பதைவிட, வசூலான பணத்தை அந்தந்த ஆண்டே செலவழி, மலைக் கிராமங்களுக்கு முதலில் கொடு என்று கேட்பது பொருத்தம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| முறை | எண்ணுவது | சுமை யாருக்கு | கிரெடிட் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| பில்லில் 18% | ரூபாய் | வீடு, பதிவில்லா யூனிட் | உண்டு | ஏற்றுமதியாளர், பதிவுபெற்ற தொழில் |
| பில்லில் 5% | ரூபாய் | எல்லாரும் கொஞ்சம் | உண்டு, விற்பவரிடம் தேங்கும் | வீடு, சிறு ஜாப் ஒர்க் |
| முழு விலக்கு | ஒன்றுமில்லை | எல்லாரும், மறைவாக | அறுகிறது | வீடு மட்டும் |
| ஜிபி, மெயில் வரி | பிட், கடிதம் | அதிகம் அனுப்புகிறவர் | முறையைப் பொறுத்தது | மொத்த வணிக எஸ்எம்எஸ் மட்டும் |
| வெளிநாட்டுக் கம்பெனி வரி | விளம்பரத் தொகை | கடைசியில் விளம்பரதாரர் | இல்லை | ஏற்றுமதி இல்லாதவர் |
| உரிமக் கட்டணம் | நிறுவன வருவாய் | எல்லாரும், மறைவாக | இல்லை | மலை, கடைக்கோடிக் கிராமம் |

## மனுவை எந்தப் பெட்டியில் போடுவது

ஜிஎஸ்டி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி பட்ஜெட் மனுவில் எழுதுவது தப்பான பெட்டியில் தபால் போடுவது. விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மத்திய அரசுக்கு வாக்கு எடை மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநில நிதியமைச்சருக்கு நகல் போகாத விகித மனு அரைக் கிணறு தாண்டியது மாதிரி. உரிமக் கட்டணம் தொலைத்தொடர்புத் துறைக்கு. சமன்படுத்தும் வரி மட்டும் நேராக நிதி மசோதா.

கேட்கும் வரிசையும் முக்கியம். முதலில் ரீஃபண்ட் பற்றிய 54(3)-ஆம் பிரிவு. தேங்கிய கிரெடிட்டில் சேவைகளையும் சேர்த்து ரீஃபண்ட் கொடு என்பதற்கு விதி 89(5)-ஐ மட்டும் தொட்டால் போதாது. தடை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 54(3)-ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்பதுதான் விகேசி வழக்கின் தீர்ப்பு. கவுன்சில் பரிந்துரைத்து, நிதி மசோதா வழியாகப் பிரிவு திருத்தப்பட வேண்டும். இது பட்ஜெட் மனுவுக்கு ஏற்ற கோரிக்கை. இன்டர்நெட் பில்லோடு நிற்காமல் லாரி வாடகை, டெஸ்டிங் கட்டணம் வரைக்கும் பலன் தரும். விகிதக் குறைப்பைவிட இதில்தான் கொங்குப் பக்கத்து யூனிட்டுகளுக்குக் கூடுதல் லாபம் என்பது எங்கள் கணிப்பு.

அது கிடைத்த பிறகு வீட்டு இணைப்புக்கும் சிறு இணைப்புக்கும் 5% கேட்கலாம். முன்னதாகக் கேட்டால் மேலே உள்ள அட்டவணையின் இரண்டாம் கட்டத்தில்தான் போய் நிற்போம். "முழு விலக்கு" என்ற சொல்லை மனுவில் எங்கும் போட வேண்டாம்.

ஜிபி வரி, மெயில் வரி பற்றி மனுவில் எழுதவே தேவையில்லை. நாமாக நினைவூட்ட வேண்டாம்.

இணைப்பாக வைக்க வேண்டியது மூன்று தாள்: பதிவில்லாத ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றின் மூன்று மாத இன்டர்நெட் பில், 5% வெளியீட்டு வரி உள்ள யூனிட் ஒன்றின் கிரெடிட் லெட்ஜர், அதில் சேவைகளின் கிரெடிட் தனியே குறித்தது, அதே யூனிட்டின் ரீஃபண்ட் உத்தரவு, எவ்வளவு கேட்டு எவ்வளவு வந்தது என்று தெரியும்படி. ஜிஎஸ்டி எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு நகல் எடுங்கள்.